ஜூன் பக்கத்தில் ஒரு திருத்தம்

க்ரோனிங்கன் நகரத்தில் பாதிப் பேருக்குப் பிறந்தநாள் எப்போது என்று ஹிஸ்கா டைக்கெமாவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். பாதி ஊர் என்பது நான் கொஞ்சம் இழுத்துச் சொன்னது. உள்ளபடி சொன்னால் பதினோரு வீடு. அந்தப் பதினோரு வீட்டிலும் ஒரு வீட்டில் பூனைக்குத்தான் பிறந்தநாள் எழுதியிருந்தது.

ஹிஸ்காவுக்கு முப்பத்தொரு வயது. வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ். காலை ஏழு மணிக்குச் சைக்கிளை எடுத்தால் பத்து மணிக்குள் பதினோரு வீட்டையும் முடித்து, அதில் ஒன்பது பேருடைய கால்களில் அழுத்தக் காலுறை ஏற்றிவிட வேண்டும். வீங்கிய காலில் அந்த இறுக்கமான உறையை ஏற்றுவது தலையணையைத் தீப்பெட்டிக்குள் திணிப்பதைப் போன்ற வேலை. அதை முடித்துவிட்டு அந்தந்த வீட்டுக் கழிப்பறையில் உள்ள சின்னத் தொட்டியில் கை கழுவுவாள். அங்கேதான் அவளுக்கு ஊர் விவரம் எல்லாம் கிடைத்தது.

எங்கள் வீடுகளில் பிறந்தநாள் காலண்டர் தொங்குவது கழிப்பறையில்தான், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நாளுக்கு நாலு தடவை வேறு வேலையில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரும் இடம் வீட்டில் இன்னொன்று இருந்தால் சொல்லுங்கள், அங்கே மாட்டிவிடலாம். அந்தக் காலண்டரில் கிழமை இருக்காது, வருடம் இருக்காது. தேதி, தேதிக்கு எதிரே பெயர், அவ்வளவுதான். ஒருமுறை மாட்டினால் முப்பது வருடம் அசையாது.

ஹிஸ்கா மருத்துவமனை வரவேற்பறையில் ஓர் அறிவிப்பைப் பார்த்தாள். பல்கலைக்கழகம் ஒரு வருட ஃபெல்லோஷிப் தருகிறது. ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணமுள்ள இளம் பணியாளர்களுக்குத் தலைமைப் பயிற்சி. பதினைந்து நாளுக்கு ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பு. இருபத்திரண்டு இடம். விண்ணப்பம் இரண்டு பக்கத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்றார்கள். அவள் அரைப் பக்கத்தில் முடித்தாள்.

நேர்முகத்தில் அந்தத் திட்டத்தை நடத்தும் பேராசிரியர் ஹெட்விக் ஸ்லோட், "உங்க தலைமைப் பாணி எப்படின்னு சொல்லுங்க" என்றார்.

"முட்டி போடறது" என்றாள் ஹிஸ்கா. "தினம் ஒன்பது பேர் காலடியில முட்டி போடறேன். அங்கேருந்தே, எழுந்திருங்க, நடங்க, மாத்திரையப் போடுங்கன்னு சொல்றேன். ஒன்பது பேரும் கேக்கறாங்க. உங்க மாணவர்கள்ல எத்தனை பேர் நீங்க சொல்றதக் கேக்கறாங்க?"

ஹெட்விக் விரல் விட்டு எண்ணி, "நாலு" என்றார். இடம் கிடைத்துவிட்டது.

மற்ற இருபத்தொரு பேரில் வழக்கறிஞர் இருந்தார்கள், பொறியாளர் இருந்தார்கள், அமைச்சகத்தில் வேலை பார்க்கிறவர் ஒருவர் இருந்தார். மதியத்தில் எல்லோரும் ஒரே பாலாடைக்கட்டி ரொட்டியைத்தான் தின்றார்கள், ஒரே மோரைத்தான் குடித்தார்கள். அதனால் ஹிஸ்காவுக்குக் கூச்சம் எதுவும் வரவில்லை. வருகிற ஆளும் இல்லை அவள்.

முதல் வெள்ளியே ஹெட்விக் சொல்லிவிட்டார்: ஒவ்வொருவரும் சொந்த வேலையிடத்திலிருந்து ஒரு முடிச்சைக் கொண்டுவர வேண்டும், ஜூனில் பயிற்சி முடிவதற்குள் அதை அவிழ்க்க வேண்டும். கடைசியில் அரங்கத்தில் நின்று அவிழ்த்த கதையைச் சொல்ல வேண்டும்.

ஹிஸ்காவின் முடிச்சு தயாராக இருந்தது. அவள் தினமும் போகும் பதினோரு வீடுகளும் ஒரே கட்டடத்தில்தான். பெயர் 'நாரை'. பத்து மாடி, அறுபத்திரண்டு வீடு, பெரும்பாலும் தனி ஆட்கள். தரைத்தளத்தில் ஒரு பொது அறை உண்டு. கட்டடத்தை நிர்வகிக்கும் வீட்டுவசதிக் கழகம் அந்த அறையை ஜூலை ஒன்றாம் தேதி முதல் சைக்கிள் நிறுத்தும் இடமாக்கப் போவதாக அறிவிப்பு ஒட்டியிருந்தது. காரணமும் போட்டிருந்தது: போன வருடம் முழுக்க அறை பயன்பட்டது நான்கே முறை. அந்த நான்கில் ஒன்று, மழைக்கு ஒதுங்கிய வண்ணப்பூச்சுக்காரர்.

ஆறாவது மாடியில் சீபோல்ட் முல்டர் என்று ஒருவர். நாற்பது வருடம் கால்வாயில் சரக்குப் படகு ஓட்டியவர். அந்தக் குளிர்காலம் முழுக்க ஹிஸ்காவைத் தவிர வேறு யாரிடமும் பேசியதில்லை. ஹிஸ்காவிடம் பேசியதையும் பேச்சென்று சொல்ல முடியாது. "ம்" என்பார். வலிக்கிறதா என்றாலும் "ம்", வலிக்கவில்லையா என்றாலும் "ம்". எங்கள் ஊர் ஆட்களே அப்படித்தான். ஒரு விஷயம் அவர்களுக்கு ரொம்பவும் பிடித்துப்போனால், "இதைவிட மோசமா இருந்திருக்கலாம்" என்பார்கள். அதற்குமேல் பாராட்டு எங்கள் பக்கத்தில் கிடையாது. கல்யாணத்தில்கூட அவ்வளவுதான்.

அந்த அறையும் போனால் முல்டர் மாதிரி ஆட்கள் கீழே இறங்கக் காரணமே இருக்காது என்று ஹிஸ்காவுக்குத் தெரியும். அறையைக் காப்பாற்ற வேண்டும். அவ்வளவுதான் முடிச்சு.

வகுப்பில் ஒரு நாள், உங்கள் முடிச்சில் யார் யார் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள் என்று வரைபடம் போடச் சொன்னார்கள். மற்றவர்கள் வட்டம் போட்டு அம்புக்குறி போட்டார்கள். ஹிஸ்கா பதினோரு கழிப்பறை வரைந்தாள். ஒவ்வொன்றிலும் தொங்கும் காலண்டரில் யார் யார் பெயர் இருக்கிறது என்று நினைவிலிருந்தே எழுதினாள். கனடாவில் இருக்கும் மகன், செத்துப்போன அக்கா, பல் டாக்டர், அந்தப் பூனை. எழுதி முடித்து நிமிர்ந்தபோதுதான் அவளுக்கே உறைத்தது. பதினோரு காலண்டரிலும் 'நாரை'யில் குடியிருக்கிற ஒருவர் பெயர்கூட இல்லை.

பக்கத்தில் இருந்த காஸ்பர் என்ற இளைஞன், பெரிய நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்பவன், எட்டிப் பார்த்தான். "இதுக்கு ஒரு செயலி பண்ணிடலாமே. போன்ல மணி அடிக்கும்."

"போனைத் தூக்கிப் பாக்கெட்ல போட்டுக்கலாம் காஸ்பர். சுவரைப் போட முடியாது."

அவள் ஒரே ஒரு காலண்டர் தயார் செய்தாள், 'நாரை'க்கென்று. அறுபத்திரண்டு வீட்டுத் தபால் பெட்டியிலும் சீட்டுப் போட்டுத் தேதி வாங்கினாள். தராதவர்களிடம் கதவைத் தட்டி வாங்கினாள். அச்சடித்து வீட்டுக்கு ஒன்று கொடுத்தாள், பொது அறைக் கழிப்பறையிலும் ஒன்று மாட்டினாள். பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. கீழே சின்னதாக ஒரு வரி மட்டும்: காப்பியும் கேக்கும் காலை பத்தரைக்கு, பொது அறையில்.

அதற்குமேல் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. கண்ணுக்கு நேரே ஒரு பெயரும் தேதியும் தொங்கினால் எங்கள் ஆட்களால் சும்மா இருக்க முடியாது. பிறந்தநாள்காரர் கேக் வாங்காமல் இருக்க முடியாது, மற்றவர் வாழ்த்தாமல் இருக்க முடியாது. பிறந்தநாள்காரரை மட்டும் வாழ்த்தினால் போதாது. வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரிடமும் கை கொடுத்து, இவருக்குப் பிறந்தநாள் வந்ததற்காக அவரையும் வாழ்த்த வேண்டும். முப்பது பேர் வட்டமாக உட்காரும் கூடம் 'நாரை'யில் எந்த வீட்டிலும் இல்லை. கீழே வந்துதான் ஆக வேண்டும்.

மார்ச்சில் முதல் பிறந்தநாளுக்கு மூன்று பேர் வந்தார்கள். ஏப்ரலில் ஒன்பது. மே மாதம் நாற்காலி போதாமல் அவரவர் நாற்காலியை லிஃப்டில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

இந்த நேரத்தில் வீட்டுவசதிக் கழகத்திலிருந்து கடிதம் வந்தது. அவர்கள் ஆள் பெரெண்ட் டௌன்ஸ்ட்ரா ஜூன் பன்னிரண்டு, வியாழக்கிழமை, காலை பத்தரைக்கு நேரில் வந்து பார்ப்பார். அறை உண்மையிலேயே பயன்படுகிறதா என்று பார்த்து அன்றைக்கே முடிவு. ஹெட்விக்கும் மதிப்பெண் போட வருவதாகச் சொன்னார்.

ஹிஸ்கா ஜூன் பக்கத்தைப் புரட்டினாள். பன்னிரண்டாம் தேதிக்கு எதிரே வெறும் காலி. பதினான்கு, சனிக்கிழமை: சீபோல்ட் முல்டர். எண்பது முடிகிறது.

இரண்டே நாள். எண்பது வருடத்தில் இரண்டு நாள் எந்த மூலைக்கு என்று நினைத்தாள். ஜூன் பக்கத்தைப் புதிதாக அச்சடித்து, முல்டரைப் பன்னிரண்டாம் தேதிக்கு நகர்த்தி, "அச்சுப் பிழை, தயவுசெய்து பக்கத்தை மாற்றிக்கொள்ளவும்" என்று ஒரு சீட்டோடு அறுபத்திரண்டு பெட்டியிலும் போட்டாள். பொது அறைக் காலண்டரிலும் தானே மாற்றினாள்.

மறுநாள் காலை முல்டரின் காலில் உறையை ஏற்றிக்கொண்டே, "ஐயா, இந்த வருஷம் உங்க பிறந்தநாள வியாழக்கிழமை வச்சிருக்கேன். பத்தரைக்குக் கீழ வந்துடுங்க" என்றாள்.

"ம்" என்றார் முல்டர்.

ஹிஸ்கா அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த பெண் செய்யக்கூடாத தப்பு அது. அதைவிடப் பெரிய தப்பும் ஒன்று உண்டு. தேதிக்கு முன்னால் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வது எங்களிடம் ஆகவே ஆகாது. அந்தத் தேதிவரை ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் வாழ்த்துவோம். அவசரப்பட மாட்டோம்.

வியாழன் வந்தது. ஹிஸ்கா காலை வேலையைச் சீக்கிரமே முடித்து, முப்பது நாற்காலியை வட்டமாகப் போட்டாள். முல்டர் கேக் எதையும் கொண்டுவந்து வைக்காததால் தானே ஓடிப் போய் ஆப்பிள் கேக் மூன்று வாங்கி வந்தாள். பத்து இருபத்தைந்துக்கு பெரெண்ட் வந்தார். ஐம்பது வயது, மழைக்கோட்டு, பையில் அளவு நாடா. கெட்ட மனிதர் இல்லை. சைக்கிள்கள் மழையில் நனையக்கூடாது என்பதுதான் அவருடைய ஒரே கவலை. பத்து இருபத்தெட்டுக்கு ஹெட்விக் வந்தார்.

பத்தரை. யாரும் இல்லை.

பத்து முப்பத்தைந்து. எங்கள் ஊரில் ஐந்து நிமிடத் தாமதம் என்றால் விபத்து என்று அர்த்தம். ஐம்பது பேருக்கு ஒரே நேரத்தில் விபத்து நேராது.

ஹெட்விக் ஒரு துண்டு கேக் எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். பெரெண்ட் கொஞ்ச நேரம் பொறுத்தார், பிறகு நாடாவை எடுத்து ஜன்னலோரச் சுவரை அளந்தார். "ரெண்டடுக்கு ஸ்டாண்டு போட்டா நாப்பது சைக்கிள் நிக்கும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, "பாத்ரூம் எங்கே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

திரும்பி வரும்போது முகத்தில் வேறு ஒரு குழப்பம்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. உங்க ஆளுக்குப் பிறந்தநாள் இன்னிக்கு இல்லையாமே?"

ஹிஸ்கா உள்ளே போய்ப் பார்த்தாள். பன்னிரண்டுக்கு எதிரே அவள் அச்சடித்த பெயரை ஸ்கேல் வைத்து நேராக அடித்திருந்தார்கள். பதினான்குக்கு எதிரே நீல மையில் சீபோல்ட் முல்டர். ஓரத்தில் பொடி எழுத்தில்: "அவரிடமே கேட்டேன். வெ.ஹோ."

அவளுக்கு ஒரு வழி இருந்தது. அச்சுப் பிழையில் இன்னொரு அச்சுப் பிழை என்று சொல்லியிருக்கலாம். வெளியே வந்து வட்டத்தின் நடுவில் நின்றாள்.

"பிழை இல்ல. நான்தான் மாத்தினேன். நீங்க வர்ற அன்னிக்குக் கூட்டம் இருக்கணும்னு அவர் பிறந்தநாளத் தூக்கி இங்க வச்சேன். ஒருத்தரும் ஏமாறல, என்னைத் தவிர."

"அப்போ நான் அறிக்கையில என்னன்னு எழுதறது?" என்றார் பெரெண்ட். குரலில் கோபம் இல்லை, படிவத்தில் எந்தக் கட்டத்தை நிரப்புவது என்ற கவலைதான்.

ஹிஸ்காவின் மனம் அந்த நீல மையிலேயே நின்றது. வெ.ஹோ. என்றால் வெம்கா ஹோஃப்ஸ்டே, நான்காம் மாடி, முன்னாள் தபால்காரி. வெம்காவுக்கும் முல்டருக்கும் மார்ச்சு வரை முகப்பழக்கம்கூடக் கிடையாது. அவள் எப்போது முல்டரிடம் போய்க் கேட்டாள்?

"மேல வாங்க" என்றாள். "எழுதறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் என்கூட ஒரு தடவை மேல வாங்க."

நான்காம் மாடியில் வெம்கா கதவைத் திறந்தாள். இடுப்பில் துண்டு, கையில் உருளைக்கிழங்கு.

"வெம்காம்மா, உங்க டாய்லெட்ட இவங்க பார்க்கணும்."

"பாக்கட்டும். சுத்தமாத்தான் இருக்கு."

அங்கேயும் அடித்துத் திருத்தியிருந்தது. "எப்போ தெரிஞ்சது உங்களுக்கு?" என்றாள் ஹிஸ்கா.

"திங்கக்கிழமையே. நாற்காலி கொண்டு வரணுமா வேண்டாமான்னு கேக்க முல்டர் வீட்டுக்குப் போனேன். 'எனக்குப் பிறந்தநாள் சனிக்கிழமை'ன்னாரு. அஞ்சாம் மாடில சொன்னேன். அவங்க ஆறுல சொன்னாங்க. கீழ மூணு மாடிக்கும் நானே போனேன். தபால் கால் இன்னும் ஓடுது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அச்சுப் பிழைன்னு நீயே எழுதியிருந்தே. ரெண்டாந்தரமும் பிழையாயிடுச்சுன்னா பாவம் உன் மனசு என்ன பாடுபடும். சத்தம் போடாம நாங்களே திருத்திக்கலாம்னு பேசி வச்சிக்கிட்டோம். நீ கை கழுவ வர்ற வீடுகள்ல மட்டும் இன்னிக்குக் காலைல நீ போனப்புறம்தான் பேனாவ எடுத்தாங்க."

பெரெண்ட் ஐந்தாம் மாடியில் வாசலிலேயே தயங்கி நின்றார். அடுத்தவர் கழிப்பறைக்குள் தலையை விட அவருக்குக் கூச்சம். ஆறாம் மாடியில் எட்டிப் பார்த்தார். ஏழாம் மாடியில் ஹிஸ்காவுக்கு முன்னால் அவரே மணியடித்தார். ஒரு வீட்டில் பென்சிலில், ஒரு வீட்டில் சிவப்புப் பேனாவில், ஒரு வீட்டில் வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டி அதன் மேல் அழகாக எழுதியிருந்தார்கள். எல்லா வீட்டிலும் பதினான்கு. பாதி வீடுகள் ஹிஸ்கா ஒருபோதும் உள்ளே போயிராதவை. எட்டாம் மாடிக்காரர் ஒன்பதாம் மாடிக்காரருடைய பெயரைச் சொன்னார், அவருடைய முழங்கால் வலியைச் சொன்னார், அவர் கேக்கில் இலவங்கப்பட்டை கூடுதலாகப் போடுவதையும் குறையாகச் சொன்னார்.

லிஃப்டில் இறங்கும்போது பெரெண்ட் தன் படிவத்தை வெறித்துக்கொண்டே வந்தார். "நாலு தடவைன்னு எழுதியிருக்கோம். இதுல அறையோட உபயோகம்தான் இருக்கு. இந்த மாதிரி ஒண்ணுக்குக் கட்டமே இல்லையே."

"கட்டம் போடுங்க" என்றார் ஹெட்விக், வந்ததிலிருந்து முதல் தடவையாக வாய் திறந்து. பிறகு ஹிஸ்காவைப் பார்த்து, "நீங்க ஏமாத்தப் பாத்ததையும் அரங்கத்துல சொல்லணும். அது இல்லாம இந்தக் கதை நிக்காது" என்றார்.

வழியில் முல்டர் கதவைத் தட்டினாள் ஹிஸ்கா. "ஐயா, வேண்டாம்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீ கேக்கலையே புள்ள. வச்சிருக்கேன்னு சொன்ன. நான் கேட்டுக்கிட்டேன்." பிறகு பெரெண்டைப் பார்த்து, "சனிக்கிழமை பத்தரைக்கு. கேக் இருக்கு" என்றார். அந்த வருடத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு.

பெரெண்ட் சனிக்கிழமை வந்தார், மடக்கு நாற்காலி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. ஐம்பத்தொரு பேர். வட்டம் ஒரு சுற்றில் அடங்காமல் இரண்டு சுற்றாயிற்று. மனிதர் மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் ஐம்பத்தொரு பேரிடமும் வரிசையாகக் கை கொடுத்து, முல்டருக்குப் பிறந்தநாள் வந்ததற்காக வாழ்த்தினார். காப்பி வந்ததும் எழுந்து, சைக்கிள் ஸ்டாண்டு கட்டடத்தின் வடக்குப் பக்கம் கூரை போட்டு வரும், இந்த அறை அறையாகவே இருக்கும் என்று எழுதிய கடிதத்தைப் படித்தார். யாரும் கை தட்டவில்லை. முல்டர் கேக்கை மென்று விழுங்கிவிட்டு, "இதைவிட மோசமா இருந்திருக்கலாம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். வெம்கா மட்டும் ஒரு பேனாவோடு பெரெண்டிடம் போய், "உங்க தேதி என்ன?" என்றாள்.

ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை பல்கலைக்கழக அரங்கத்தில் இருபத்திரண்டு பேரும் அவிழ்த்த கதையைச் சொன்னார்கள். 'நாரை'யிலிருந்து பன்னிரண்டு பேர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஹிஸ்கா கடைசியாக ஏறினாள். தான் ஏமாற்றியதை முதல் வாக்கியத்திலேயே சொன்னாள். காஸ்பர் வாய்விட்டுச் சிரித்தான், ஹெட்விக்கும் சிரித்தார். கூட்டம் தன் பக்கம் வந்துவிட்டது என்று தெரிந்ததும் ஹிஸ்காவுக்குக் குரல் உயர்ந்தது.

"நான் ஒரு தப்புத் தேதி போட்டேன். யாரும் கூட்டம் போடல, யாரும் உத்தரவு போடல. ரெண்டே நாள்ல அறுபத்திரண்டு வீட்லயும், ஒண்ணு விடாம அறுபத்திரண்டு காலண்டர்லயும் அது திருத்தியாயிடுச்சு."

மூன்றாவது வரிசையில் வெம்கா கையைத் தூக்கினாள். ஹெட்விக் தலையசைக்கும் வரை காத்திருந்து எழுந்தாள்.

"அம்பத்தெட்டு" என்றாள். "முல்டர் வீட்ல திருத்த எதுவும் இல்ல, அவரு அந்தப் புதுப் பக்கத்தை மாட்டவே இல்ல. மூணு வீட்டுக்காரங்க ஊர்ல இல்ல. அவங்க சாவி எங்கிட்டதான் இருக்கு, செடிக்குத் தண்ணி ஊத்த. இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் அந்த மூணையும் மாத்திடறேன். அடுத்த வருஷத்துக்கு ஆகும்ல."